தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும் நம் புரோகிராம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்ததும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். "நீ என்னடா எழுதப் போற?" என்று ஹாஸ்டல் அறைத் தோழன் கேட்டான். "ஏபிஐ மைனர் வெர்ஷன் மாறும்போது நாம என்ன செய்யணும்னு எழுதப் போறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அதை யாருடா படிப்பாங்க?" என்றான்.

நீங்கள் படிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தச் சின்ன விஷயத்தால் எங்கள் ஊரில் ஓர் அத்தைக்கு 8,400 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்துக்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏபிஐ என்பது ஒரு ஜன்னல்

மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ரேஷன் கடை ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டை நீட்டுகிறோம், அரிசி வருகிறது. உள்ளே மூட்டையை எங்கே அடுக்கியிருக்கிறார்கள், யார் எடை போடுகிறார்கள் என்பது நமக்குத் தேவையில்லை. இப்படிக் கேட்டால் இப்படிக் கொடுப்போம் என்று ஒரு முறை இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் கணினியிடம் இன்னொருவருடைய புரோகிராம் இதேபோல் கேட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பெயர்தான் ஏபிஐ. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் புரோகிராமுக்குக் கிளையன்ட் என்று பெயர். நாம் பிராஜெக்டில் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கிளையன்ட்தான்.

ஜன்னலின் முறை அவ்வப்போது மாறும். அதைச் சொல்லத்தான் 2.4.1 என்பதுபோல் பதிப்பு எண். கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய 'செமான்டிக் வெர்ஷனிங்' என்ற விதிமுறை இதற்குப் பலரும் பின்பற்றும் வழி. அதன் 2.0.0 பதிப்பு 2013-ல் வந்தது. முதல் எண் மாறினால் பழைய கிளையன்ட் உடையலாம். நடு எண் மாறினால் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள், பழையது அப்படியே வேலை செய்யும். கடைசி எண் மாறினால் பிழை திருத்தம். நடு எண்தான் மைனர்.

அப்படியானால் மைனர் அப்டேட் வந்தால் நாம் கவலைப்பட வேண்டியதே இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்த கதை

எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். போர்வை, துண்டு, ஜமுக்காளம் எல்லாம் வெளியூர்களுக்குப் பார்சலில் அனுப்புகிறார்கள். தினமும் சாயங்காலம் எந்தப் பார்சல் போய்ச் சேர்ந்தது, எது வழியில் இருக்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகப் போனில் அடித்துப் பார்ப்பார்கள். முப்பது, நாற்பது பார்சல் இருந்தால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். "படிக்கிற பையன் இருக்கானே, அவன்கிட்டச் சொல்லு" என்றார்கள். பார்சல் கம்பெனி ஒரு ஏபிஐ கொடுத்திருந்தது. பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாப் பார்சலும் வரிசையாக வரும். சேர்ந்தது பச்சை, வழியில் இருப்பது நீலம். அம்மா பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

தீபாவளி நேரம். நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா போன் போட்டார்கள். "ஏங்கண்ணு, உன்ற பெட்டி ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. இங்கிலீசுல என்னமோ சிவப்பா வருது." போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்தால், எதிர்பார்த்ததைவிட அதிக மதிப்புகள் வந்துவிட்டன என்ற பிழைச் செய்தி. கம்பெனி 2.3-லிருந்து 2.4-க்குப் போயிருந்தது. 'எதிர்பார்க்கும் நாள்' என்று ஒரே ஒரு புது விவரம் சேர்த்திருந்தார்கள். நல்ல விஷயம்தானே? ஆனால் என் புரோகிராம் வந்த விவரங்களைப் பெயர் சொல்லி எடுக்கவில்லை. ஆறு விவரம் வரும், முதலாவது இது, இரண்டாவது அது என்று எண்ணி, ஆறு மாறியில் ஒரே வரியில் போட்டிருந்தேன். ஏழாவது வந்ததும் நின்றுவிட்டது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். மறுநாள் யூனிட் டெஸ்ட். ராத்திரியோடு ராத்திரியாக ஆறை எண்ணி எடுத்ததைப் பெயர் சொல்லி எடுக்கும்படி மாற்றினேன். அது சரிதான். அதோடு விட்டேனா? இனி எதற்குமே நின்றுவிடக் கூடாது என்று முழுப் புரோகிராமையும் டிரை-எக்ஸெப்ட்டுக்குள் போட்டு, எக்ஸெப்ட்டில் 'பாஸ்' என்று எழுதிவிட்டேன். எந்தப் பிழை வந்தாலும் வாயைத் திறக்காமல் போய்விடு என்று பொருள். அம்மா "இப்போ ஓடுது கண்ணு" என்றார்கள். எனக்கும் நிம்மதி.

தை மாதம் 2.5 வந்தது. இந்த முறை புது விவரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த 'நிலை' என்ற விவரத்தில் ஒரு புது மதிப்பு சேர்ந்தது. முன்பு நான்கு நிலை இருந்தது. புக்கிங் ஆனது, வழியில், கிளைக்கு வந்தது, சேர்ந்தது. ஐந்தாவதாக, 'முகவரி சரியில்லை, கிளையில் நிறுத்தி வைப்பு' என்று ஒன்று.

என் புரோகிராமில் இருந்தது இதுதான். புக்கிங் என்றால் இப்படிக் காட்டு, வழியில் என்றால் இப்படிக் காட்டு, கிளைக்கு வந்தது என்றால் இப்படிக் காட்டு, இல்லையென்றால் (அதாவது எல்ஸ்) 'சேர்ந்தது' என்று பச்சையில் காட்டு. மீதி ஒன்றுதானே இருக்கிறது, அதற்கு எதற்குத் தனியாக ஒரு இஃப் என்று மிச்சம் பிடித்த வரி அது.

பக்கத்து வீட்டு அத்தை மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு 24 போர்வை அனுப்பியிருந்தார். மணமக்கள் பெயர் தைத்துக் கொடுக்கும் போர்வை, ஒன்று 350 ரூபாய். பார்சல் கிளையில் ஏழு நாள் கிடந்தது. எங்கள் திரையில் ஏழு நாளும் பச்சை விளக்கு. மதுரைக்காரர் போன் செய்து கேட்டபோதுகூட அத்தை, "சேந்துருச்சுன்னு காட்டுதுங்க, வீட்ல யாராச்சும் வாங்கி வெச்சிருப்பாங்க, பாருங்க" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். எட்டாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. கல்யாணம் முடிந்திருந்தது. வேறு யார் வாங்குவார்கள், இன்னொருவர் பெயர் போட்ட போர்வையை?

நான் ஊருக்குப் போனபோது அத்தை என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ள எழுதுனது, தப்பா இருக்குமான்னு நம்பிட்டேன் சாமி" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கே தப்பு?

பதிப்பு மாறப் போவதைக் கம்பெனி முன்கூட்டியே மெயிலில் சொல்லியிருந்தது. அந்த மெயில் நான் பதிவு செய்த முகவரிக்குத்தான் வந்திருந்தது. நான் திறக்கவே இல்லை. அவர்களுடைய விளக்கக் குறிப்பிலும் 'புதிய நிலைகள் சேர்க்கப்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதையும் நான் படிக்கவில்லை. புது நிலை சேர்ப்பதை மைனர் என்று சொல்லலாமா என்று அவர்களோடு வாதாடலாம்தான். ஆனால் அப்படிச் செய்வது உலக வழக்கம். பணப் பட்டுவாடா செய்யும் ஸ்ட்ரைப் நிறுவனம் தன் ஏபிஐயில் எதையெல்லாம் பழைய கிளையன்ட்டை உடைக்காத மாற்றமாகக் கருதுகிறது என்று பட்டியலே போட்டிருக்கிறது. பதிலில் புது விவரம் சேர்ப்பது, விவரங்களின் வரிசை மாறுவது, அடையாள எண்களின் நீளமோ வடிவமோ மாறுவது, புது வகை நிகழ்வுச் செய்திகள் வருவது எல்லாம் அதில் உண்டு. பட்டியலை வாசித்தபோது எனக்குப் பகீரென்றது. அதில் உள்ள ஒவ்வொன்றிலும் என் புரோகிராம் உடையும்!

அப்போதுதான் ஒன்று புரிந்தது. 'மைனர்' என்பது அவர்கள் கொடுக்கும் வாக்குறுதி மட்டும் இல்லை. நம்மிடம் அவர்கள் எதிர்பார்க்கும் ஒழுக்கமும் அதற்குள் இருக்கிறது. "தெரியாததைக் கண்டால் நீ பதற மாட்டாய், பொய்யும் சொல்ல மாட்டாய் என்று நம்பித்தான் சேர்க்கிறோம்" என்கிறார்கள். தீபாவளிக்கு என் புரோகிராம் பதறியது. தை மாதம் பொய் சொன்னது. இரண்டில் எது மோசம்? பதறியபோது அம்மா உடனே போன் போட்டார்கள், ஒரே நாளில் சரியானது. பொய் சொன்னபோது ஏழு நாள் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் தமிழ் மீடியத்திலிருந்து வந்து உட்கார்ந்தபோது, பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். புரியவில்லை என்று சொன்னால் இவன் எதற்குப் படிக்க வந்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். என் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யாரும் இல்லை. அந்தத் தலையாட்டலைத்தான் நான் எல்ஸில் எழுதி வைத்திருந்தேன். தெரியாத நிலை வந்ததும் என் புரோகிராமும் என்னைப் போலவே "எல்லாம் சரி, சேர்ந்தது" என்று தலையாட்டிவிட்டது.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

நாம் தினமும் பயன்படுத்தும் இணையத்தின் ஹெச்டிடிபி விதியைப் பாருங்கள். கேட்டதற்குச் சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணில் பதில் நிலை சொல்லும். 200 என்றால் சரி, 404 என்றால் கிடைக்கவில்லை. இந்தப் பட்டியலில் புதுப்புது எண்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று சொல்லும் 429 என்ற எண் 2012-ல் வந்தது. சட்டக் காரணத்தால் தர முடியாது என்று சொல்லும் 451 என்ற எண் 2016-ல் வந்தது. அதற்கு முன்பே எழுதிய கிளையன்ட் 451-ஐப் பார்த்தால் என்ன செய்யும்? விதி தெளிவாக இருக்கிறது. எண் புரியாவிட்டால் முதல் இலக்கத்தைப் பார், அந்த வகுப்பின் நூறாக எடுத்துக்கொள் என்கிறது. 451 தெரியாதா, அதை 400 என்று கொள். முழு விவரம் தெரியாது, ஆனால் கேட்டவர் பக்கப் பிழை வகை என்பது தெரியும். எக்காரணம் கொண்டும் 200 என்று நினைத்துவிடாதே! இந்த ஒரு விதி எனக்குத் தெரிந்திருந்தால் அத்தையின் 24 போர்வையும் மதுரை போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கும் முந்திய விதி ஒன்று உண்டு. இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-ல் டிசிபி பற்றிய ஆவணத்தில் எழுதியது. அனுப்பும்போது கண்டிப்பாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் கருத்து. நல்ல விதிதான், ஆனால் தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. என் டிரை-எக்ஸெப்ட்-பாஸும் ஒருவகைத் தாராளம்தானே! மார்ட்டின் தாம்சன், டேவிட் ஸ்கினாஸி இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 9413 என்ற ஆவணம் 2023-ல் வந்தது. பிழையான செய்தியைக்கூட வாய்மூடி ஏற்றுக்கொண்டே போனால் காலப்போக்கில் அந்தப் பிழையே வழக்கமாகி எல்லாம் கெட்டுப்போகும் என்று அது எச்சரிக்கிறது. ஆக, தாராளம் வளர்ச்சிக்கு மட்டும். பிழைக்குத் தாராளம் கூடாது.

இரண்டு கட்சிகள்

எங்கள் ஹாஸ்டலில் இது பற்றி இரண்டு கட்சி உண்டு.

முதல் கட்சி, "ஓடுற புரோகிராமைத் தொடாதே" கட்சி. பழைய பதிப்பிலேயே பூட்டு போட்டு உட்கார்ந்துவிடலாம் என்பார்கள். பைத்தானில் 'கலெக்ஷன்ஸ்' என்ற தொகுப்பில் இருந்த 'மேப்பிங்' போன்ற சில பெயர்களை 2012-ல் வந்த 3.3 பதிப்பிலேயே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் தேடினாலும் கிடைக்கும்படி பல வருடம் விட்டு வைத்தார்கள், பின்னால் எச்சரிக்கையும் காட்டினார்கள். 2021-ல் வந்த 3.10-ல் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாத புரோகிராமெல்லாம் 3.10-க்கு மாறியதும் நின்றன. மாறியது நடு எண்தான், முதல் எண் இல்லை. ஏனென்றால் பைத்தான் அந்த செமான்டிக் வெர்ஷனிங் விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. புள்ளி வைத்த எண்ணெல்லாம் ஒரே அர்த்தம் இல்லை. யாருடைய ஜன்னலோ, அவர்களுடைய விதியைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது கட்சி, "எப்பவும் லேட்டஸ்ட்" கட்சி. புதுசு வந்தால் தானாக ஏறட்டும் என்பார்கள். என்பிஎம் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.4.2-க்கு முன்னால் தொப்பிக் குறி (^) போட்டால் 2.0.0-க்குக் கீழே உள்ள எந்தப் பதிப்பும் ஏறலாம். அலைக் குறி (~) போட்டால் 1.5.0-க்குக் கீழே மட்டும். தொப்பிக் குறிதான் தானாக வந்து விழும். எது ஏறியது என்பதைப் பூட்டுக் கோப்பு குறித்து வைக்கும். அந்தக் கோப்பைப் பிராஜெக்ட்டோடு சேர்த்து வைக்காமல் அழித்துவிட்டு, "என் மெஷின்ல ஓடுச்சே!" என்று வைவா அன்றைக்கு அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கருத்து இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில். பூட்டு போடு, ஆனால் சாவியைத் தொலைக்காதே. மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, தூக்கமில்லாத பரீட்சை ராத்திரியாக இல்லாமல், பகலில் உட்கார்ந்து மாற்றக் குறிப்பைப் படித்துவிட்டு நாமே ஏற்ற வேண்டும். இது நாம் போட்டுக்கொள்ளும் நூலகத்துக்கு. வெளியிலிருந்து வரும் ஏபிஐ மாற்றம் நம் அனுமதிக்குக் காத்திருக்காது. ஆகவே கிளையன்ட்டை முதலிலேயே அதற்குத் தயாராக எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது?

நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

ஒன்று, விவரங்களைப் பெயர் சொல்லி எடுங்கள். எண்ணிக்கையையும் வரிசையையும் நம்பாதீர்கள். நமக்குத் தேவையில்லாத புது விவரம் வந்தால் விட்டுவிடலாம். ஜாவா படிக்கும் தோழர்கள் கவனிக்க: ஜாக்சன் நூலகத்தின் 2-ஆம் வரிசைப் பதிப்புகள் தெரியாத விவரத்தைக் கண்டால் பிழை எறிவதையே இயல்பாக வைத்திருக்கின்றன. நாம்தான் அந்த அமைப்பை மாற்ற வேண்டும்.

இரண்டு, தேவையான விவரம் வராவிட்டால் சத்தம் போட்டு நில்லுங்கள். பார்சல் எண் இல்லை, தொகை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது என்றால் அங்கே தாராளம் காட்டக் கூடாது. பணம், மருந்து, தேதி விஷயத்தில் ஊகம் வேண்டவே வேண்டாம்.

மூன்று, தெரிந்த ஒவ்வொரு மதிப்புக்கும் தனி இஃப் எழுதுங்கள். எல்ஸ் என்பது 'தெரியவில்லை' என்பதற்கு மட்டும். கடைசியாக மிச்சமிருக்கும் ஒன்றை எல்ஸில் தள்ளாதீர்கள். என் 8,400 ரூபாய்ப் பாடம் இதுதான்.

நான்கு, வாங்கியதைத் திருத்தித் திருப்பி அனுப்பும்போது கவனம். வாடிக்கையாளரின் போன் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு விவரத்தையும் வாங்கி, நமக்குத் தெரிந்த ஆறை மட்டும் வைத்துக்கொண்டு, முழுசாகத் திருப்பி எழுதினால் நமக்குத் தெரியாத ஏழாவது அங்கே அழிந்துவிடலாம். படிக்கும்போது கண்டுகொள்ளாமல் விட்டது எழுதும்போது கொள்ளை ஆகிவிடும். மாற்றியதை மட்டும் அனுப்ப வழி இருந்தால் அப்படி அனுப்புங்கள். இல்லாவிட்டால் தெரியாததையும் பத்திரமாகச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

ஐந்து, பதிப்பு எண்ணை எழுத்தாகவோ தசமமாகவோ ஒப்பிடாதீர்கள். 1.10 என்பது 1.9-க்குப் பிறகு வருவது. பள்ளிக்கூடக் கணக்கில் 1.10 சின்னது, பதிப்புக் கணக்கில் பெரியது. பைத்தான் 3.10 வந்தபோது யாமல் கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதியவர்களுக்கு அது 3.1 ஆகிவிட்டது. 2009-ல் ஓபரா உலாவி பத்தாம் பதிப்புக்குப் போனபோது, பல இணையதளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து 'இது பதிப்பு 1' என்று நினைத்ததால், வேறு வழியில்லாமல் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது! புள்ளியில் உடைத்து ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக ஒப்பிடுவதுதான் சரி.

ஆறு, தெரியாத ஒன்று வந்தால் அதை ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். கம்பெனி அனுப்பும் மெயிலைத் திறந்து பாருங்கள்.

நம் லேபுக்கு ஒரு வேண்டுகோள்

2018-ல் டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்பு விதி வந்தது. 1.2-லிருந்து 1.3, வெறும் நடு எண் மாற்றம். ஆனால் வழியில் இருந்த எத்தனையோ சர்வர்களும் கருவிகளும் தெரியாத எண்ணைக் கண்டதும் இணைப்பையே வெட்டின. கடைசியில் 1.3 தன் பழைய பதிப்புக் கட்டத்தில் 1.2 என்றே எழுதிவிட்டு, உண்மையான எண்ணை வேறொரு இடத்தில் வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இனி இப்படி நடக்கக் கூடாது என்று கூகுள் குரோம் உலாவி ஒரு வேலை செய்கிறது. அர்த்தமில்லாத சில மதிப்புகளை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறது. தெரியாததைத் தாங்க முடியாத சர்வர் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்ளும். 'கிரீஸ்' என்று பெயர். இந்த முறை 2020-ல் ஆர்எஃப்சி 8701 என்று ஆவணமாகவும் வந்தது. இயந்திரம் துருப்பிடித்து இறுகாமல் இருக்க கிரீஸ் போடுகிறோம் அல்லவா, அதேதான். மெக்கானிக்கல் தோழர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்!

இதை ஏன் நம் லேபில் செய்யக் கூடாது? இப்போது நம் பிராக்டிகலில் அவுட்புட் வந்தால் மார்க். கொடுத்த உள்ளீட்டுக்குக் கொடுத்த விடை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. வெளியில் நம்மை வேலைக்கு எடுப்பவர்கள் ஜன்னலை அப்படியே வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே ஆசிரியர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தேர்வு நாளில் எங்கள் கிளையன்ட்டுக்கு வரும் பதிலில் ஒரு புது விவரத்தையும் ஒரு புது மதிப்பையும் திடீரென்று சேர்த்துக் கொடுங்கள். நிற்கிறதா, பொய் சொல்கிறதா, "தெரியவில்லை" என்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்று ஒழுங்காகச் சொன்ன புரோகிராமுக்கு ஐந்து மார்க் கொடுங்கள். தோழர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாதிரிப் பதிலைக் கோப்பில் சேமித்து, அதில் வேடிக்கையாக ஏதாவது ஒரு விவரத்தைச் சேர்த்து நாமே ஓட்டிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலைதான்.

கடைசியாக

அத்தையின் நஷ்டத்தில் 3,000 ரூபாயை உதவித்தொகை வந்ததும் கொடுத்தேன். மீதியையும் கொடுப்பேன். புரோகிராமில் இப்போது ஒரு மஞ்சள் நிறம் இருக்கிறது. 'நிலை புரியவில்லை, கம்பெனிக்குப் போன் செய்யவும்' என்று எழுதி, கீழே கிளை அலுவலக எண்ணும் வரும். மஞ்சளைக் காட்டி அம்மாவிடம் கொஞ்சம் கூச்சத்தோடு, "இது எனக்கும் தெரியாதும்மா, அதனாலதான் இப்படி" என்றேன். "அதுக்கென்ன கண்ணு, தெரியலைன்னு சொன்னா நாங்க போன் போட்டுக் கேட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பார்சலைக் கட்டப் போய்விட்டார்கள். போன மாதம் இரண்டு முறை மஞ்சள் வந்தது. இரண்டு முறையும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பார்சலும் போய்ச் சேர்ந்தன.

வகுப்பிலும் இப்போது புரியாவிட்டால் கையைத் தூக்குகிறேன். முதல் தடவை காது சூடாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் எனக்குப் பின்னால் இன்னும் நான்கு கைகள். அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் சேரப் போகும் தம்பி, தங்கைகளே, நீங்களும் தூக்குங்கள். நீங்கள் எழுதப் போகும் எல்ஸில் 'தெரியவில்லை' என்பதை மட்டும் எழுதுங்கள்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு